எதிராளிக்கு நிலம் கொடுக்கும் கோப்ளின்

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்திறங்கிய என் அக்காள் மகன், பினாங்கு லெபோ பசாருக்குப் பக்கத்துச் சந்தில் நாங்கள் வழக்கமாக உட்காரும் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில்), தே தாரிக் வருவதற்கு முன்பாகவே பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். கடைப் பையன் அப்போதுதான் ஈரத் துணியால் மேசையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தபடியால், அட்டையை அவசரமாக எடுத்துச் சட்டையில் துடைத்து, என் கையிலேயே கொடுத்தான். “மாமா, இது நல்ல கார்டா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்றான். அது மேஜிக் என்னும் அட்டை விளையாட்டின் கோப்ளின் கைடு. அதைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு வார்த்தைகளை, ஏழாண்டு இடைவெளியில், இரண்டு முறையும் தவறாகச் சொன்ன அனுபவம் எனக்கு உண்டு. அன்றைக்கு அவனிடம் அரைகுறையாகச் சொன்னதை முழுதாக எழுதிவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இந்தப் பதிவு.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு விளக்கம். ரிச்சர்டு கார்ஃபீல்டு வடிவமைத்து 1993-இல் வெளிவந்த மேஜிக்: தி கேதரிங் என்னும் அட்டை விளையாட்டில், ஒவ்வொருவரும் தாமே தேர்ந்து சேர்த்த, பெரும்பாலும் 60 அட்டைகள் கொண்ட ஒரு கட்டோடு வருவார்கள். ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப் புள்ளிகள். நில அட்டைகள் மானா என்னும் ஆற்றலைத் தரும்; அந்த மானாவைச் செலவழித்துத்தான் கிரியேச்சர்களை, அதாவது நமக்காகச் சண்டையிடும் உயிரினங்களை, இறக்கவும் மந்திரங்களை ஏவவும் முடியும். தமக்கு ஆட வரும் ஒரு முறையில் ஒரு நிலத்தைத்தான் கீழே வைக்கலாம் என்பது விதி. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்ளின் கைடின் கதை முழுவதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

கோப்ளின் கைடு 2009-இல் சென்டிகார் தொகுப்பில் வந்தது. விலை ஒரே ஒரு சிவப்பு மானா. வலிமை இரண்டு, அதாவது ஓர் அடியில் செய்யும் சேதம்; தாங்குதிறன் இரண்டு, அதாவது எவ்வளவு சேதத்தில் சாகும் என்பது. ஹேஸ்ட் உண்டு, அதாவது மற்றக் கிரியேச்சர்களைப்போல ஒரு முறை காத்திருக்காமல், இறங்கிய கணமே தாக்கப் புறப்படலாம். இவ்வளவையும் ஒரு மானாவுக்குக் கொடுத்துவிட்டு, வடிவமைத்தவர்கள் அதன் காலில் ஒரு சங்கிலியைக் கட்டியிருக்கிறார்கள்: இது தாக்கும் ஒவ்வொரு தடவையும் எதிராளி தன் கட்டின் மேலட்டையைத் திறந்து காட்டுவார், அது நில அட்டையாக இருந்தால் தன் கைக்கு எடுத்துக்கொள்வார், வேறு அட்டையாக இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

கோப்ளின் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மருமகன் ஒருமுறை கேட்டபோது குட்டிச்சாத்தான் என்று சொல்லி வைத்தேன். இந்தக் குறிப்பிட்ட கோப்ளினுக்கு நம் ஊர் தோயோல் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்று பிறகு தோன்றியது. மலாய்க்காரர்கள் சொல்லும் கதைகளில் தோயோல் பிறர் வீட்டுப் பணத்தைத் திருடிக்கொண்டு வந்து எசமானிடம் கொடுக்கும் சிறுபிள்ளைப் பேய். ஆனால் அதற்கு வேளா வேளைக்குப் படைத்தாக வேண்டும். அட்டையில் இருப்பது அதன் தலைகீழ். எசமானுக்காகப் போய் எதிராளியின் உயிரைப் பறிக்கும் இந்தக் கோப்ளின், அதே வீட்டுக்காரரின் கையில் ஒரு சொத்தையும் வைத்துவிட்டு வருகிறது.

ஓர் அட்டையை மதிப்பிட உட்காரும்போது முதலில் அதே விலைக்கு முன்பு என்ன கிடைத்தது என்று பார்ப்பது என் வழக்கம். 1993-இன் முதல் தொகுப்பிலேயே ஒரு சிவப்பு மானாவுக்கு மான்ஸ் கோப்ளின் ரெய்டர்ஸ் இருந்தது: வலிமை ஒன்று, தாங்குதிறன் ஒன்று, வேறு எந்தத் திறனும் கிடையாது. பிற்பாடு வந்த ரேஜிங் கோப்ளினும் ஒன்றுக்கு ஒன்றுதான்; ஹேஸ்ட் மட்டும் கூடுதல். 1997-இன் டெம்பெஸ்ட் தொகுப்பில் ஒரு மானாவுக்கு இரண்டு வலிமையுள்ள ஜாக்கல் பப் வந்தது. ஆனால் அதன்மேல் விழும் ஒவ்வோர் அடியும் அதை வைத்திருப்பவர்மேலும் விழும் என்ற நிபந்தனையோடு வந்தது. அதே தொகுப்பின் மாக் ஃபனாடிக் மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று. வேண்டும்போது தன்னையே பலி கொடுத்து எங்கேனும் ஒரு புள்ளி சேதம் செய்யும். ஆக, ஒரு சிவப்பு மானாவுக்கு இரண்டு வலிமை வேண்டுமானால் ஏதோ ஒரு தண்டம் கட்டியாக வேண்டும் என்பதுதான் பல ஆண்டுகள் நடைமுறையாக இருந்தது. கோப்ளின் கைடு இரண்டு வலிமை, இரண்டு தாங்குதிறன், ஹேஸ்ட் மூன்றையும் சேர்த்தே கொடுக்கிறது. உடல் விலைக்கு மீறியது என்பதில் சந்தேகமே இல்லை. தண்டம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

2009-இல் நான் அந்தத் தண்டத்தைப் பார்த்து மிரண்டேன். சென்டிகார் பொட்டலம் ஒன்றைப் பிரித்தபோது கைடு கிடைத்தது. எதிராளிக்கு இலவசமாக அட்டை கொடுக்கும் ஒன்றை எவனாவது தன் கட்டில் வைப்பானா என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, அந்தத் தொகுப்பில் அட்டை முழுவதும் படமாக அச்சிடப்பட்டு வந்த அழகான நில அட்டைகள் சிலவற்றை மாற்றாக வாங்கிக்கொண்டேன். நிலத்தை வாரி வழங்கும் அட்டையைக் கொடுத்து நிலத்தை வாங்கி வந்தவன் என்று எங்கள் கூட்டத்தில் இன்றைக்கும் என்னைக் கேலி செய்கிறார்கள். அந்த நிலங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவை உண்மையிலேயே அழகானவை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்து கொள்கிறேன்.

என் தவறு எங்கே என்பதைப் புரிந்துகொள்ள, எதிராளிக்கு உண்மையில் கிடைப்பது என்ன என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பலர் இதற்குச் சொல்லும் சமாதானம், “கொடுப்பது வெறும் நிலந்தானே, மந்திரமா கொடுக்கிறது?” என்பது. இது கேட்பதற்கு ஆறுதலாக இருந்தாலும் கணக்கில் பிழையானது. கட்டின் மேலே நிலம் இருந்தது என்றால், கைடு தாக்காமல் இருந்திருந்தாலும் எதிராளி தன் அடுத்த முறையில் அதே நிலத்தைத்தான் எடுத்திருப்பார். கைடு தாக்கியதால் அந்த நிலம் முன்கூட்டியே கைக்குப் போய்விட்டது. அடுத்த முறையில் அவர் எடுக்கப் போவது அதற்குக் கீழே இருந்த அட்டை. ஆகவே அவர் அதிகமாகப் பெற்றது நிலம் அன்று, நிலத்துக்கு அடுத்திருந்த அட்டை. அது மந்திரமாகவும் இருக்கலாம், கிரியேச்சராகவும் இருக்கலாம், இன்னொரு நிலமாகவும் இருக்கலாம். தண்டத்தின் உண்மையான அளவு ஒரு முழு அட்டை. கைடின் ஆதரவாளர்கள் இதைக் குறைத்துச் சொல்லும்போது எனக்கு உடன்பாடு இல்லை. 2009-இல் நான் பயந்ததில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

இனி அந்தத் தண்டம் எத்தனை தடவைக்கு ஒரு தடவை விழும் என்று பார்ப்போம். 60 அட்டைக் கட்டில் 24 நிலங்கள் வைப்பவருக்கு மேலட்டை நிலமாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 40. சிக்கனமாக 20 நிலங்களோடு விளையாடுபவருக்கு மூன்றில் ஒரு பங்கு. பொட்டலங்களைப் பிரித்து அங்கேயே கட்டி ஆடும் 40 அட்டைக் கட்டில் வழக்கமான 17 நிலங்கள் என்றால் நூற்றுக்கு 42-க்குச் சற்று மேலே. முதல் வகைக் கட்டை எதிர்த்துக் கைடு மூன்று முறை தாக்கினால் சராசரியாக ஒன்றே கால் அட்டைக்குச் சற்றுக் குறைவாக எதிராளிக்குக் கிடைக்கும். மூன்று தாக்குதலிலும் ஒன்றுகூடக் கொடுக்காமல் தப்பிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 22 அளவில் இருக்கிறது. மூன்றிலும் நிலமே வந்து நெஞ்சை எரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 6 தான். ஆனால் மனிதர்கள் நினைவில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காகப் பேசுவது அந்த ஆறைத்தான்.

அந்த மூன்று தாக்குதலுக்கு நமக்குக் கிடைப்பது ஆறு புள்ளி சேதம். ஒரு மானாவுக்கு மூன்று புள்ளி சேதம் தரும் லைட்னிங் போல்ட்டை இந்த விளையாட்டின் மிகச் சிறந்த சிவப்பு மந்திரங்களில் ஒன்றாக 1993 முதல் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கைடு இரண்டே தாக்குதலில் அதைத் தாண்டிவிடுகிறது. முதல் முறையிலேயே இறங்கி நான்கு முறை தடையில்லாமல் அடித்தால் எட்டுப் புள்ளிகள். எதிராளியின் 20 உயிரில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரே ஒரு மானாச் செலவில்.

இப்போது ஒரு பக்கத்தில் ஆறு புள்ளி சேதம், இன்னொரு பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றே கால் அட்டை. இரண்டையும் எந்தத் தராசில் நிறுப்பது? இங்கேதான் என் தாத்தாவின் நினைவு வருகிறது. அவர் லெபோ பினாங்கில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடையில், பெட்டியடிப் பையன் என்னும் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். வட்டிக் கணக்கு எழுதியே கண் மங்கியவர். கடன் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது, வட்டி எவ்வளவு என்பதைக் கேட்பதற்கு முன்பாகத் தவணை எவ்வளவு என்பதைக் கேட்பாராம். அதிக வட்டிக்கு வாங்கியவன் மூன்று நாளில் சரக்கை விற்றுத் திருப்பிக் கட்டிவிட்டால் அவனுக்கு நட்டம் ஒன்றுமில்லை. குறைந்த வட்டிக்கு வாங்கியவன் மூன்று வருடம் இழுத்தான் என்றால் வீடு போய்விடும். கோப்ளின் கைடு கொடுக்கும் ஒவ்வொரு நிலமும் எதிராளியிடம் நாம் பட்ட கடன். வட்டி அதிகந்தான். ஆனால் அந்தக் கடனை அவர் வசூலிக்க வேண்டுமானால் அவர் உயிரோடு இருக்க வேண்டும். கையில் இருக்கும் அட்டைகளை இறக்குவதற்கு மானாவும் வேண்டும். மானாவுக்கு நிலம் வேண்டும். நிலமோ ஒரு முறைக்கு ஒன்றுதான் வைக்க முடியும். நான்காம் முறையில் ஆட்டம் முடிந்துவிட்டால், எதிராளி அதுவரை செலவழித்திருக்கக்கூடிய மானா மிகச் சொற்பம். கைக்குப் பத்து அட்டைகள் வந்திருந்தாலும் அவரால் இறக்க முடிந்தது நான்கோ ஐந்தோதான். மீதி அத்தனையும் வசூலாகாத கடன் பத்திரங்கள்.

இந்தக் கோணத்தில் பார்த்தால், கைடின் மதிப்பு அந்த அட்டையின்மேல் அச்சாகவில்லை. அதோடு கூட இருக்கும் மற்ற 56 அட்டைகள் ஆட்டத்தை எந்த முறையில் முடிக்கின்றன என்பதில் இருக்கிறது. 56 என்று சொல்வது, வைப்பதானால் விதி அனுமதிக்கும் நான்கு பிரதிகளையும் வைக்க வேண்டும் என்பதால்தான். முதல் கையிலேயே வர வேண்டிய அட்டையில் சிக்கனம் பார்ப்பதில் பொருளில்லை.

இதைப் புரிந்துகொள்ளாமல்தான் என் இரண்டாவது தவறைச் செய்தேன். 2016 வாக்கில், இந்த முறை பணம் கொடுத்தே நான்கு கைடுகளை வாங்கி, என்னிடம் ஏற்கெனவே இருந்த கோப்ளின் கூட்டத்தோடு சேர்த்தேன். கோப்ளின் லாக்கி, கோப்ளின் மேட்ரன், கோப்ளின் வார்சீஃப், கோப்ளின் ரிங்லீடர் எல்லாம் அதில் இருந்தன. பெயரிலேயே கோப்ளின் இருக்கிறது, சொந்தக்காரர்கள் மத்தியில்தானே இருக்க வேண்டும் என்பது என் வாதம். அந்த வருடம் ஒரு கடையின் மாடியில் நடந்த சிறிய போட்டியில் நான்கு சுற்றில் மூன்றில் தோற்றேன். மூன்றிலும் ஒரே மாதிரியாகத் தோற்றேன் என்பதுதான் வலித்தது: தொடக்கத்தில் கைடு நான்கு புள்ளி அடிக்கும், எதிராளி ஒன்றோ இரண்டோ நிலம் வாங்கிக்கொள்வார், ஆட்டம் எட்டாம் முறை, பத்தாம் முறை என்று நீளும், கடைசியில் அவரிடம் என்னைவிட எப்போதும் இரண்டு அட்டைகள் கூடுதலாக இருக்கும்.

யோசித்துப் பார்த்தால் காரணம் வெளிப்படை. மேட்ரன் இறங்கும்போது கட்டிலிருந்து ஒரு கோப்ளினைத் தேடி எடுத்துத் தருகிறது. நான்கு மானாவுக்கு இறங்கும் ரிங்லீடர், மேலிருக்கும் நான்கு அட்டைகளைத் திறந்து அவற்றில் உள்ள கோப்ளின்களையெல்லாம் கைக்குக் கொண்டு வருகிறது. அந்தக் குடும்பத்தின் தொழிலே எதிராளியைவிட அதிக அட்டைகளைச் சேர்த்து, நீண்ட ஆட்டத்தில் மூச்சு முட்ட வைப்பது. அப்படிப்பட்ட வீட்டில், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அட்டை தானம் செய்யும் பிள்ளை ஒன்று பிறந்தால் குடும்பம் எப்படி உருப்படும்? ரிங்லீடர் சேர்த்ததைக் கைடு கரைத்துக் கொண்டிருந்தது. கோப்ளின் கூட்டத்தைக் கட்டுபவர்கள் பொதுவாகக் கைடை ஒதுக்கிவிட்டு லாக்கியோடு நின்றுகொள்வதும், கோப்ளினுக்கே சம்பந்தமில்லாத, நெருப்பு மந்திரங்களை நேரே எதிராளியின் முகத்தில் எறியும் பர்ன் கட்டுகளில் கைடு முதல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான்.

இந்தத் தர்க்கம் கைடோடு தொடங்கியதும் அல்ல. 1996-இல் ஜே ஷ்னைடர் வடிவமைத்து பால் ஸ்லை என்பவர் விளையாடிய சிவப்புக் கட்டு, பார்க்கிறவர்களுக்குக் குப்பை மூட்டைபோல இருந்தது. அதில் இருந்த அயர்ன்கிளா ஆர்க்ஸ் என்னும் கிரியேச்சர், இரண்டு வலிமையோ அதற்கு மேலோ உள்ள எதையும் தடுத்து நிற்கக்கூட முடியாத கோழை. ஆனால் தாக்குவதற்காகவே கட்டப்பட்ட கட்டில் தடுப்பவன் கோழையாக இருந்தால் என்ன, வீரனாக இருந்தால் என்ன? குறை இருந்தும் அந்தக் குறை நம்மைத் தொடாத இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் கையிலுள்ள மானா முழுவதையும் வீணாக்காமல் செலவழிக்கும்படி விலைவாரியாக அட்டைகளை அடுக்கும் பழக்கம் அந்தக் கட்டிலிருந்துதான் பரவியது. அது இன்றைக்கும் ஸ்லை என்ற பெயராலேயே வழங்குகிறது.

மாடர்ன் என்ற ஆட்ட வகை 2011-இல் வந்தபோது கைடுக்கு இன்னொரு சாதகமும் சேர்ந்தது. அந்த வகையில் பல கட்டுகள் தம் நிலங்களை உயிர் கொடுத்துத்தான் வாங்குகின்றன. தன்னைப் பலி கொடுத்து வேறு நிலத்தைத் தேடித் தரும் ஃபெட்ச் நிலத்துக்கு ஒரு புள்ளி. அப்படித் தேடி வரும் இருநிற ஷாக் நிலத்தை உடனே பயன்படுத்த வேண்டுமானால் மேலும் இரண்டு புள்ளி. எதிராளி தன் முதல் நிலத்துக்கே மூன்று புள்ளியைத் தாமாகக் கட்டிவிட்டால், நாம் அடிக்க வேண்டியது 20 அல்ல, 17. தவணை தானாகவே குறுகிவிடுகிறது.

திறந்து காட்டும் அட்டையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. மேலட்டை நிலமாக இல்லாதபோது அது மேலேயே இருக்கும். எதிராளி அடுத்து எதை எடுக்கப் போகிறார் என்பது நமக்கு முன்னதாகவே தெரிந்துவிடும். ஒரு முறை என் இரண்டாம் தாக்குதலில் எதிராளியின் கட்டின் மேலே ஆங்கர் ஆஃப் தி காட்ஸ் திறந்தது. 2013-இல் வந்த அந்த மந்திரம் மூன்று மானாவுக்குக் களத்திலுள்ள எல்லாக் கிரியேச்சர்கள்மேலும் மூன்று புள்ளி சேதத்தைக் கொட்டும். என் கையில் இன்னொரு கிரியேச்சர் இறங்கத் தயாராக இருந்தது; எதிராளியிடம் இரண்டு நிலங்கள் இருந்தன, மூன்றாவது வரும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் கையில் இருந்ததைக் கீழே இறக்காமல், அந்த மானாவுக்கு நேரே அவர்மேல் நெருப்பை எறிந்தேன். அடுத்த முறை அவர் மூன்று மானாவையும் செலவழித்து என் ஒற்றைக் கைடை மட்டும் கொன்றார். ஒரு மானாக் கூலிக்காரனுக்கு மூன்று மானாவில் சவச்செலவு. அதற்கடுத்த முறையில் என் இரண்டாவது கிரியேச்சர் காலியான களத்தில் இறங்கியது.

எதிர்ப் பக்கத்துச் சாமர்த்தியங்களையும் சொல்லாவிட்டால் மதிப்பீடு ஒருதலைப்பட்சமாகிவிடும். திறந்த அட்டை தமக்கு வேண்டாததாக இருந்தால், ஃபெட்ச் நிலம் வைத்திருப்பவர் அதை உடனே உடைத்துக் கட்டைக் கலைத்துவிடுவார். அந்த அட்டை போய்விடும், நமக்குத் தெரிந்த சேதியும் போய்விடும். லெகசி என்னும் இன்னோர் ஆட்ட வகையில் பிரெய்ன்ஸ்டார்ம் வைத்திருப்பவர் இன்னும் கெட்டிக்காரர். மூன்று அட்டை எடுத்து இரண்டைத் திரும்ப மேலே வைக்கும் அந்த மந்திரத்தைக் கைடு தாக்கப் புறப்பட்டதும் ஏவி, வேண்டாத நிலமொன்றைக் கட்டின் மேலே வைப்பார். நம் கைடே அதை எடுத்து மறுபடி அவர் கையில் மரியாதையாகக் கொடுக்கும். இதை முதன்முதலில் எனக்குச் செய்தவரைப் பார்த்து நான் சிரித்தேனா, பல்லைக் கடித்தேனா என்பது எனக்கே சரியாக நினைவில்லை.

கைடு உண்மையிலேயே மோசமாகும் இடங்களும் உண்டு. எதிராளி முதலில் ஆடி, இரண்டு வலிமையும் மூன்று தாங்குதிறனும் உள்ள ஒன்றைத் தடுப்பாக நிறுத்திவிட்டால், கைடு தாக்கினால் சாகும், தாக்காவிட்டால் சும்மா நிற்கும். இன்னொன்று: தாக்கப் புறப்பட்ட உடனேயே மேலட்டை திறந்துவிடுகிறது, தடுப்பதா வேண்டாமா என்று எதிராளி அதற்குப் பிறகுதான் முடிவு செய்கிறார். ஆகையால் தடுக்கப்பட்டுக் கைடு செத்தாலும் நிலம் போனது போனதுதான். ஏழாம் முறையில் கட்டிலிருந்து கைடு வந்தால், களம் காலியாக இருக்கும் பட்சத்தில் ஹேஸ்ட்டின் புண்ணியத்தில் இரண்டு புள்ளி கிடைக்கும். களத்தில் ஆள் இருந்தால் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் எதிராளியிடம் மானா தாராளமாக இருப்பதால் கொடுக்கும் ஒவ்வொரு அட்டைக்கும் முழு வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

போட்டியாளர்களையும் பார்க்க வேண்டும். 2014-இல் வந்த மோனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் அதே ஒரு மானாவுக்கு ஒன்றுக்கு இரண்டு, ஹேஸ்ட்டோடு. நாம் மந்திரம் ஏவும்போதெல்லாம் அந்த முறைக்கு ஒரு புள்ளி வளரும். எதிராளிக்கு எதையும் கொடுக்காது. மந்திரங்கள் நிறைந்த கட்டில் அது கைடுக்குத் தோழன். மந்திரம் தீர்ந்துபோன முறையில் ஒற்றைப் புள்ளிக்காரன். 2021-இல் வந்த ரகவான் என்னும் குரங்கு, ஒரு மானாக் கிரியேச்சரிடம் மக்கள் எதிர்பார்ப்பதையே மாற்றிவிட்டது. அது எதிராளிக்குக் கொடுப்பதற்குப் பதிலாக அவருடைய கட்டிலிருந்தே அட்டையைத் திருடுகிறது. அதைப் பார்த்த கண்ணுக்குக் கைடு பழைய காலத்து ஆளாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் ரகவானை வாங்கும் பணத்துக்கு மருமகனின் அம்மாவிடம் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அந்தப் பேச்சை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

மருமகனிடம் அன்றைக்கு இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. “உன் கட்டு எந்த முறையில் ஆட்டத்தை முடிக்கிறது?” என்று மட்டும் கேட்டேன். அவன் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, “தெரியாது மாமா, எண்ணிப் பார்த்ததில்லை” என்றான். போய் இருபது ஆட்டம் தனியாக ஆடிப் பார், யாரும் எதிரில் தடுக்காவிட்டால் 17 புள்ளியை எந்த முறையில் எட்டுகிறாய் என்று ஒவ்வொரு தடவையும் எழுதி வை, நான்காம் முறைக்குள் பெரும்பாலும் வந்துவிட்டால் நான்கு கைடு வை, ஆறாம் முறைக்குப் போனால் ஒன்றுகூட வைக்காதே என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு கைடு வைத்தால் சமமாக இருக்குமா என்று கேட்டான். அது சமம் ஆகாது, இரண்டு பக்கமும் நட்டம் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளி நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருபது எண்களோடு வந்தான். பெரும்பாலும் நான்கு; சில மூன்று; ஓர் ஐந்து; ஒரே ஓர் ஆறு, அதன் பக்கத்தில் ‘நிலமே வரவில்லை’ என்று பென்சிலில் குறிப்பு. கோப்ளின் உறவினர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, நண்பர்களிடம் கேட்டு வாங்கிய மூன்றையும் சேர்த்து நான்கு கைடு வைத்திருந்தான்.

நான் என் நீலக் கறுப்புக் கட்டை எடுத்தேன். அவன் முதலில் ஆடினான். முதல் முறையிலேயே கைடு இறங்கித் தாக்கியது, என் மேலட்டை நிலம், எடுத்துக்கொண்டேன், உயிர் 18. என் முறையில் ஃபெட்ச் நிலத்தை உடைத்து வாட்டரி கிரேவ் என்னும் ஷாக் நிலத்தைத் தேடி உடனே பயன்படுத்தும்படி வைத்ததில் மூன்று புள்ளி போய் 15. அந்த மானாவுக்கு ஆப்ட் என்னும் மந்திரத்தை ஏவி ஓர் அட்டை எடுத்தேன். இரண்டாம் முறையில் ஸ்விஃப்ட்ஸ்பியர் இறங்கிக் கைடோடு சேர்ந்து தாக்கியது. என் மேலட்டை திறந்தபோது ஃபேட்டல் புஷ் இருப்பதை இருவரும் பார்த்தோம். அவன் ஒரு கணம் யோசித்துவிட்டு, தாக்குதலின் நடுவிலேயே லைட்னிங் போல்ட்டை என்மேல் எறிந்தான்; அதில் ஸ்விஃப்ட்ஸ்பியரும் ஒரு புள்ளி வளர்ந்தது. மொத்தம் ஏழு, என் உயிர் 8. என் முறையில் புஷ்ஷை எடுத்து ஸ்விஃப்ட்ஸ்பியரைக் கொன்றேன். இன்னொரு நிலம் வைத்தேன். மூன்றாம் முறையில் கைடு மறுபடியும் தாக்கியது. நிலம். “எடுத்துக்கொள்ளுங்கள் மாமா” என்றான். எடுத்துக்கொண்டேன், 6. பிறகு இரண்டு மந்திரங்கள்: போரோஸ் சார்ம் நான்கு புள்ளி, என் உயிர் 2; லாவா ஸ்பைக் மூன்று, ஆட்டம் முடிந்தது.

கையில் இருந்தவற்றை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். ஏழு அட்டைகள். அவற்றில் இரண்டு அவன் கைடு கொடுத்த நிலங்கள். அவன் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, எட்டாம் முறைக்கு ஆட்டம் போயிருந்தால் நான் எப்படி ஜெயித்திருப்பேன் என்று எனக்கே விளக்கிச் சொல்லத் தொடங்கினான்.